மனமும் மன்றமும்

மனிதன் தனியே பிறந்து தனியே இறப்பவன் என்பர் ஒரு சாரார். பிறந்த நாள் தொட்டு இறக்கும் நாள்காறும் அவன் ஒரு கணமேனும் தனித்திருந்ததிலன் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் ஒன்றற்கொன்று முரணுவனபோல் தோன்றினும் இரண்டும் மெய்யேயாம். தொட்டிலில் கிடக்கும் குழவியின் அழுகை அதற்கே உரியது. அதன் பசியை வேறொருவர் பசித்தல் இயலாது. ஆயின் அவ்வழுகை கேட்டு ஓடிவரும் தாய் பாடும் தாலாட்டு அவள் தன் பாட்டியிடம் கேட்டது. குழவிக்கு இடப்படும் பெயர் குலத்தார் தேர்ந்தது. அது முதலிற் பேசப்போகும் சொல் ஊரார் பேசும் மொழியினின்றும் பெறுவது. அகமும் புறமும் இவ்வாறு ஊடும் பாவுமாய் அமைந்ததே மனித வாழ்வு.

இம்மனிதனை அகத்திலிருந்து ஆராய்வது உளநூல். அவன் எங்ஙனம் காண்கின்றான், நினைக்கின்றான், மறக்கின்றான், அஞ்சுகின்றான் என்பன அந்நூலின் வினாக்கள். அவனைச் சூழ்ந்து நிற்கும் குடும்பம், ஊர், சாதி, தொழில், சமயம், அரசு என்பவற்றை ஆராய்வது சமுதாய நூல். பொருள் ஒன்றாயிருக்கவும், பல்கலைக்கழகங்களில் இவ்விரண்டும் வெவ்வேறு மாடிகளில், வெவ்வேறு ஆசிரியரால், ஒருவர் சொல்லும் சொல் மற்றவர்க்கு விளங்காதபடி கற்பிக்கப்படுகின்றன. இவ்விரண்டையும் ஒரு மாணவன் ஒருங்கே கற்றல் நலம் என்றும், மனிதர் வாழ்வில் கைவைக்கப் போகும் தொழிலை மேற்கொள்வார்க்கு அஃது இன்றியமையாதது என்றும் கருதுகின்றோம். அக்கருத்திற்குக் காரணம் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

நூற்செய்திகளைக் கூறுமுன், எம் வாழ்வில் நிகழ்ந்ததொன்றைக் கூற விழைகின்றோம். யாம் முன்பு வேறோர் ஊரில் கற்ற காலத்து எம்முடன் ஒரு மாணவன் பயின்றான். அவன் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல்வன் அவனே. வகுப்பின் கடைசிப் பலகையில் அமர்வான். முதற் பாடவேளையிலேயே கண்ணயர்வான். வினவினால் வாய் திறவான். ஆசிரியர் அவனைச் சோம்பன் என்றார். தோழர் சிலர் செருக்கன் என்றனர். உளநூல் பயின்றுகொண்டிருந்த யாமோ, அப்பொழுதுதான் கற்ற சொற்களைக் கையாளும் ஆசையால், ‘இது தாழ்வு மனப்பான்மை’ என்று தீர்ப்புக் கூறினோம். சமுதாய நூல் பயின்ற எம் நண்பர் ஒருவர், ‘அன்று, இது வறுமையின் விளைவு’ என்று வாதித்தார். வாதம் நள்ளிரவு வரை நடந்தது. அவனை அழைத்து ஒரு சொல் கேட்டவர் எம்முள் ஒருவருமிலர். இரண்டாம் ஆண்டின் நடுவே அவன் கல்லூரியை விட்டு நீங்கினான்.

பின்னரே உண்மை தெரிந்தது. இரவெல்லாம் காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கிவிட்டு, விடிந்தபின் வகுப்பிற்கு வந்தவன் அவன். அவனை உறக்கியது சோம்பலன்று, உழைப்பு. எனவே நண்பர் கூறிய வறுமை மெய்யே. ஆயின், அவன் ஊரிலிருந்தே வந்த, அவனினும் வறியனான மற்றொருவன் கட்டணச் சலுகை பெற்றுப் படித்துத் தேறினான். இவன் ஏன் அச்சலுகைக்கு விண்ணப்பிக்கவில்லை? நாணத்தால் விண்ணப்பிக்கவில்லை. எனவே யாம் கூறியதும் முற்றும் பொய்யன்று. அந்த நாணந்தான் எங்கிருந்து வந்தது? சலுகை பெற்றார் பெயர்களை எல்லாருங் காண அறிவிப்புப் பலகையில் ஒட்டும் வழக்கம் அவ்விடத்து இருந்தது. ஒட்டியவர் கொடியவரல்லர், ஒளிவுமறைவின்றிச் சலுகை வழங்கப்பட்டதென்று காட்டவே ஒட்டினார். வறுமை புறத்தது, நாணம் அகத்தது, அந்நாணத்தை வளர்த்த பலகை மீண்டும் புறத்தது. இம்மூன்றையும் ஒரு தொடராகக் கண்டிருந்தால், அத்தாள் ஒன்றை நீக்கச் செய்தே அவனைக் காத்திருத்தல் கூடும். எம்மிடம் பாதி அறிவு இருந்தது. நண்பரிடம் மற்றைப் பாதி இருந்தது. இரு பாதியும் வாதிட்டனவேயன்றிக் கூடவில்லை.

இவ்விரு நூலும் ஆதியிலிருந்தே இவ்வாறு பகைத்து நின்றனவோ எனின், இல்லை. ‘சோஸியாலஜி’ என்னும் பெயரை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழக்கிற்குக் கொணர்ந்தவர் பிரெஞ்சு அறிஞர் ஒகுஸ்த் கோம்த் என்பார். அவர் தாம் வகுத்த அறிவியல்களின் வரிசையில் உளநூலுக்குத் தனியிடம் தந்திலர். பின்னர் 1879இல் ஜெர்மனி தேயத்து லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்பார் உளநூலுக்கென ஓர் ஆய்வுச்சாலை நிறுவினார். அது கொண்டே உளநூல் தனி அறிவியலாயிற்று என்று மாணவர் மனப்பாடஞ் செய்வர். அவ்வளவில் நின்றுவிடுதல் முறையன்று. அதே வுண்ட், மொழி, தொன்மக் கதை, வழக்கம் ஆகியவற்றில் விளங்கும் மனத்தின் உயர்செயல்களை ஆய்வுச்சாலையில் அளத்தல் இயலாது என்று கருதி, மக்கட்குழுவின் உளநூலைப் பற்றி 1900 முதல் 1920 வரை பத்துத் தொகுதிகள் எழுதினார். உளநூலின் தந்தை எனப்படுபவரே அதற்கு ஒரு கால் போதாதென்று கண்டவர். அவர் மாணவர் பலர் ஆய்வுச்சாலைக் கருவிகளை எடுத்துக்கொண்டு, பத்துத் தொகுதிகளையும் விட்டுச் சென்றனர்.

மறுபுறத்தே, பிரெஞ்சு நாட்டு எமில் துர்கெயிம் 1895இல் சமுதாய ஆராய்ச்சியின் முறைகளை வகுத்து ஒரு நூல் செய்தார். சமுதாய நிகழ்ச்சிக்குக் காரணம் மற்றொரு சமுதாய நிகழ்ச்சியிலேயே தேடப்படல் வேண்டும், தனியொருவன் மனத்தில் தேடப்படலாகாது என்பது அவர் கொள்கை. அதனை நிறுவ அவர் எடுத்துக்கொண்ட பொருள் வியப்பிற்குரியது. மனிதன் செய்வனவற்றுள் மிகத் தனிமையானதென்று எல்லாரும் எண்ணும் தற்கொலையையே அவர் எடுத்துக்கொண்டார். 1897இல் வெளிவந்த அந்நூலில், ஒரு நாட்டில் தற்கொலையின் விகிதம் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவாய் நிற்றலையும், மணமாகாதாரிடை மிகுந்தும் மணமானாரிடைக் குறைந்தும் காணப்படுதலையும், புராட்டஸ்டண்டு மக்களிடை மிகுந்தும் கத்தோலிக்கரிடைக் குறைந்தும் இருத்தலையும் கணக்குகளால் காட்டினார். ஒருவனைச் சமூகத்தோடு பிணைக்கும் கயிறு தளருமிடத்து அவ்விழப்பு மிகுகின்றது என்பது அவர் முடிபு.

இம்முடிபு பெரிது, ஆயினும் முழுமையன்று. கயிறு தளர்ந்த ஊரில் வாழ்வோர் பல்லாயிரவர். அவருள் உயிரைத் துறப்பார் மிகச் சிலர். அதே தெருவில், அதே துன்பத்தில், ஒருவன் வீழ்வதும் மற்றொருவன் நிற்பதும் ஏன்? இவ்வினா எழுமிடத்தில் துர்கெயிமின் கணக்கு மௌனஞ் சாதிக்கின்றது. உளநூல் பேசத் தொடங்குகின்றது. சமூகம் என்பது ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்வதன் தொகுதியே என்று கருதிய கப்ரியேல் தார்த் என்பாரும் துர்கெயிமும் 1903இல் பாரிஸ் நகரில் அவையோர் முன் எதிரெதிராய் வழக்காடினர். வென்றவர் யாரென்பது இன்று எமக்கு முக்கியமன்று. ஒரு மாணவன் அவ்விருவரையும் கற்பானாயின் அவ்வழக்கு அவன் உள்ளத்திலேயே நிகழும். ஒருவரை மட்டும் கற்பானாயின் தீர்ப்பு மட்டுமே அவனுக்குக் கிடைக்கும். வழக்கைக் கேளாமல் தீர்ப்பைப் பெறுதல் கல்வியாகாது.

1908ஆம் ஆண்டு இத்துறையில் நினைவு கூரத்தக்கது. அவ்வோராண்டிலேயே சமூக உளநூல் என்னும் பெயர் தாங்கிய இரு பாடநூல்கள் ஆங்கிலத்தில் வெளிவந்தன. ஒன்றனை எழுதியவர் வில்லியம் மக்டூகல் என்னும் உளநூலார். அவர் மனிதனின் இயல்பூக்கங்களிலிருந்து தொடங்கினார். மற்றொன்றனை எழுதியவர் எட்வர்டு ராஸ் என்னும் சமுதாய நூலார். அவர் கூட்டத்தின் போக்கிலிருந்து தொடங்கினார். ஒரே மலைக்கு இருபுறமிருந்தும் இருவர் ஏறினராக, உச்சியில் ஒருவரையொருவர் கண்டிலர் என்றே கூறல் வேண்டும்.

நம் நாட்டில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916இல் உளநூலும், பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1919இல் பாட்ரிக் கெட்டீஸ் என்பார் தலைமையில் சமுதாய நூலும் தனித்துறைகளாகத் தொடங்கின. இரண்டிற்கும் இடையே ஒரு நாட்டின் அகலமே கிடந்தது. எனினும், ராதாகமல் முகர்ஜி என்னும் சமுதாய நூலாரும், நரேந்திரநாத் சேன்குப்தா என்னும் உளநூலாரும் கூடி 1928இல் சமூக உளநூலுக்கு ஓர் அறிமுக நூல் இயற்றினர். மேலைநாடுகளில் இருவர் தனித்தனியே இருபது ஆண்டுகட்கு முன் செய்த வேலையை இந்தியர் இருவர் ஒரே மேசையில் அமர்ந்து செய்தனர் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. அம்முன்மாதிரி இருக்கவும், அதனைப் பின்பற்றாது விட்டது நம் குறையே.

இனி, இரண்டும் கூடியவிடத்து விளையும் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். ஆஸ்திரியா நாட்டில் வியன்னா நகர்க்கு அண்மையில் மரியெந்தால் என்னும் சிற்றூர் ஒன்றுண்டு. அவ்வூர் முழுதும் ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. 1929ஆம் ஆண்டினை ஒட்டி உலகெங்கும் பரவிய பொருளாதார மந்தத்தில் அவ்வாலை மூடப்பட்டது. ஏறக்குறைய ஊரே வேலையிழந்தது. அந்நிலையை ஆராய 1931இல் வியன்னாவிலிருந்து ஓர் இளைஞர் குழு சென்றது. மரீ யாஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்டு, ஹான்ஸ் ஸைசல் என்போர் அதன் முடிபுகளை 1933இல் நூலாக வெளியிட்டனர்.

அவர்கள் செய்த முறையைப் பாருங்கள். 478 குடும்பங்களுக்கும் தனித்தனி அட்டை எழுதினர், வருவாயைக் கணக்கிட்டனர், உணவைக் குறித்தனர். இது சமுதாய நூலின் வழி. அத்துடன் நில்லாது, ஒரு நாளை எவ்வாறு கழித்தாய் என்று ஆடவரை எழுதச் செய்தனர். பெருநாட்பரிசாகப் பிள்ளைகள் விரும்பிய பொருள்களைக் கேட்டறிந்தனர். தெருவில் நடப்போரின் நடையையும் மறைவில் நின்று அளந்தனர். இது உளநூலின் வழி. கண்டது யாது? வேலையிழந்தவனுக்குப் பொழுது மிகுதியாய்க் கிடைக்கும், அவன் படிப்பான், கூடுவான், கிளர்ந்தெழுவான் என்று பலரும் எதிர்பார்த்திருந்தனர். நடந்ததோ வேறு. முன்பு கட்டணத்திற்கு நூல் வழங்கிய தொழிலாளர் நூலகம் இப்பொழுது கட்டணமின்றி வழங்கியும், எடுத்துச் செல்லப்பட்ட நூல்களின் தொகை ஏறக்குறையப் பாதியாயிற்று. ஆடவர் தெருவில் நான்கடி நடந்து நின்றனர். மீண்டும் நடந்து மீண்டும் நின்றனர். காலையில் எழுந்ததற்கும் நண்பகலில் உண்டதற்கும் இடையே என்ன செய்தோம் என்பதை அவர்களால் சொல்லக்கூடவில்லை. வீட்டு வேலை நிறைந்த பெண்டிர்க்கோ பொழுது போதவில்லை. ஆலை மூடியபோது கூலி மட்டும் போகவில்லை, காலமே உருக்குலைந்தது.

வருவாய்க் கணக்கை மட்டும் எடுத்திருப்பின் வறுமை தெரிந்திருக்கும். காலம் கரைந்தது தெரிந்திராது. மனநிலையை மட்டும் ஆராய்ந்திருப்பின் ‘இவர் ஊக்கமற்றவர்’ என்னும் பழியே முடிபாயிருக்கும். மூடிய ஆலை கண்ணிற் பட்டிராது. வருவாய் குறையக் குறைய, உறுதி குன்றாக் குடும்பம் அமைதியாய்த் தளர்ந்த குடும்பமாகவும், பின் நம்பிக்கையிழந்ததாகவும் மாறும் படிகளை அவர் காட்டியது, இரு கண்ணாலும் பார்த்ததனாலேயாம். இன்னுமொன்று: அவ்வாராய்ச்சியாளர் வெறும் பார்வையாளராய் அவ்வூர்க்குச் செல்லவில்லை. ஆடை திரட்டி வழங்கினர். மருத்துவர் ஆலோசனைக்கு வகை செய்தனர். அவ்வழியே மக்களோடு பழகினர். இவ்வாய்வில் பங்குகொண்ட யாஹோடா அம்மையார், பின்னர் நாடு கடந்து இங்கிலாந்தில் வாழ்ந்து, 1965இல் ஸஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் சமூக உளநூற் பேராசிரியராய் அமர்ந்தார்.

நம் நாட்டினின்றும் ஒன்று கூறுவோம். 1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பீஹாரில் பெரும் நிலநடுக்கம் உண்டாயிற்று. அதன் பின் மக்களிடைப் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்னும் அறிஞர் திரட்டி 1935இல் கட்டுரை வெளியிட்டார். அதிர்ச்சியை உணர்ந்தும் அழிவைக் கண்ணிற் காணாத பகுதிகளில், ‘இதனினும் பெரிய நடுக்கம் வரும்’, ‘வெள்ளம் பெருகி வருகின்றது’ என்னும் பேச்சுகளே மிகுந்திருந்தன. அஞ்சியவர் தம் அச்சத்தை ஆற்றும் பேச்சை நாடாது, அதனை மிகுவிக்கும் பேச்சை நாடியதேன்? அமெரிக்க உளநூலார் லியோன் ஃபெஸ்டிங்கர், 1957இல் தாம் வெளியிட்ட கொள்கைக்கு இவ்வதந்திகளே ஒரு தூண்டுகோலாயின என்றார். உள்ளத்தில் அச்சம் இருக்கிறது, எதிரே அழிவு இல்லை. இம்முரணைத் தீர்க்க மனம் ஓர் ஆபத்தைப் படைத்துக்கொள்கின்றது என்பது அவர் விளக்கம். மனத்தின் தேவையை இது நன்கு விளக்குகின்றது. ஆயின், கற்பனை ஆபத்து ஏன் கிரகண நாளைத் தேடிப் பற்றிக்கொண்டது, யார் சொல் யார் செவியில் ஏறியது என்பனவற்றை அம்மக்களின் வழிவழி நம்பிக்கையையும் ஊரமைப்பையும் அறிந்தாலன்றிச் சொல்லல் இயலாது. விதை மனத்தினது, நிலம் சமூகத்தினது. கைப்பேசியில் ஒரு நொடியில் ஊரெங்கும் வதந்தி பரவும் இந்நாளில் இப்பாடம் பழைமைப்பட்டதன்று.

மனநோயைப் பற்றிய ஆராய்ச்சியும் இதனையே வற்புறுத்துகின்றது. 1978இல் ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்னும் இருவர், இலண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்டிரிடை மனச்சோர்வு நோயின் சமூகத் தோற்றுவாயை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டனர். பேரிழப்போ பெருந்துன்பமோ நேர்ந்த எல்லாரும் நோயுறவில்லை. மனம் விட்டுப் பேச ஒருவரும் இல்லாமை, சிறு பிள்ளைகள் பலரை வீட்டில் வைத்திருத்தல், வெளியே வேலையின்மை, இளமையிலேயே தாயை இழந்தமை என்பன உள்ளவிடத்து அத்துன்பம் எளிதில் நோயாயிற்று. இந்நான்கனையும் உற்று நோக்குங்கள். இவற்றுள் எது மனத்தது, எது சமூகத்தது என்று கோடு கிழிக்க எவரால் இயலும்? தாயை இழத்தல் வீட்டின் நிகழ்ச்சி. அதன் வடு உள்ளத்தது. மனம் விட்டுப் பேசுதல் உள்ளத்தின் செயல். பேசுவதற்கொருவர் இருத்தல் சமூகத்தின் கொடை.

உளநூல் மாணவர் சிறப்பாகக் கருதவேண்டிய செய்தி மற்றொன்றுண்டு. உளநூலின் பெயர்பெற்ற ஏடுகளில் ஆராயப்பட்ட மக்களுள் நூற்றுக்கு 96 பேர் மேலைத் தொழில்நாடுகளைச் சார்ந்தவர் என்றும், அந்நாடுகளின் மக்கள் உலக மக்களுள் நூற்றுக்கு 12 பேரே என்றும் 2010இல் ஜோசப் ஹென்ரிக் முதலிய மூவர் எழுதிய கட்டுரை எடுத்துக்காட்டியது. அவருள்ளும் பலர் கல்லூரி மாணவரே. ‘மனிதன் இவ்வாறு நினைக்கின்றான்’ என்று பாடநூல் கூறும்போது, எந்த மனிதன் என்று கேட்கும் துணிவு நம் மாணவர்க்கு வேண்டும். அக்கேள்வியைக் கேட்கக் கற்பிப்பது சமுதாய நூல். அவ்வாறே, ‘இச்சாதியார் இவ்வாறு நடப்பர்’, ‘இவ்வகுப்பார் இவ்வாறு வாக்களிப்பர்’ என்று சமுதாய நூல் பெருங்கணக்குக் கூறும்போது, அக்கணக்கினுள் அடங்காது நிற்கும் ஒருவனை மறவாதிருக்கக் கற்பிப்பது உளநூல். ஒன்று மற்றொன்றன் செருக்கை அடக்கும். இதனினும் சிறந்த நட்பு யாது?

இனி எம் கருத்திற்கு எதிராகக் கூறப்படுவனவற்றை நோக்குவோம். ‘இரு தோணியில் கால் வைத்தவன் ஆற்றில் வீழ்வான், இரண்டையும் கற்பவன் இரண்டிலும் நுனிப்புல் மேய்வான்’ என்பது முதற் றடை. இதற்குச் சான்றாக ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்றையும் காட்டுவர். அங்கு 1946இல் டால்கட் பார்ஸன்ஸ், கார்டன் ஆல்போர்ட், ஹென்றி மர்ரே, கிளைடு க்ளக்கான் முதலியோர் முயற்சியால், சமுதாய நூல், சமூக உளநூல், நோய்நிலை உளநூல், சமூக மானிடவியல் ஆகியவற்றை ஒருங்கே சேர்த்து ‘சமூக உறவுகள்’ என்னும் ஒரு துறை அமைக்கப்பட்டது. பெருநம்பிக்கையுடன் தொடங்கிய அத்துறையினின்று 1970இல் சமுதாய நூல் பிரிந்து சென்றது. 1972இல் துறையே மறைந்தது. எனவே இக்கூட்டு நிலையாது என்பர்.

இவ்வரலாற்றை யாம் வேறுவகையாக வாசிக்கின்றோம். ஹார்வர்டு அறிஞர் விரும்பியது இரண்டையும் ஒருங்கே கற்பிப்பதன்று. நான்கையும் உருக்கி ஒரே கொள்கையாக வார்ப்பது. அதன் பொருட்டு 1951இல் அவர் வெளியிட்ட பொதுக்கொள்கை நூல் துறையினுள்ளேயே எல்லாரானும் ஏற்கப்படவில்லை. ஆய்வுச்சாலை உளநூலாரோ முதலிலிருந்தே தனித்துறையாய் வெளியே நின்றனர். ஆசிரியர் ஒன்றாகாமற் போயினும், மாணவர் வீணாகவில்லை. கிளிஃபர்டு கீர்ட்ஸ், ஹெரால்டு கார்ஃபிங்கல், ஸ்டான்லி மில்கிராம் என்போர் அத்துறையில் முனைவர் பட்டம் பெற்றவரே. அவருள் மில்கிராம் செய்து 1963இல் வெளியிட்ட ஆய்வில், ஆணையிடுபவர் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து, அடுத்த அறையிலிருப்பவர்க்கு மின்னதிர்ச்சி தருவதாக நம்பிக்கொண்டே, 40 பேருள் 26 பேர் கடைசி அளவு வரை சென்றனர். கொடுமை கொடியவன் உள்ளத்தில் மட்டும் உறைவதன்று, அவன் நிற்கும் நிலையிலும் உறைவது என்னும் இவ்வுண்மை, இரு நூலையும் கற்ற ஒருவர்க்கன்றி எளிதில் தோன்றியிராது. உருக்கி ஒன்றாக்கல் வேறு; அருகருகே வைத்துக் கற்றல் வேறு. முன்னது வீழ்ந்தது, பின்னது பயன் தந்தது.

நுனிப்புல் மேய்தல் என்னும் குறை மெய்யாகவே நேரக்கூடியது. அதற்கு மருந்து ஒன்றனை விடுதலன்று, முறையோடு கற்றல். இரு நூலுக்கும் பொதுவாகிய புள்ளியியலை முதலாண்டிலேயே திண்ணமாகக் கற்பித்தல் வேண்டும். கணக்கு அஞ்சி இத்துறைகளை நாடும் மாணவர்க்கு இது கசப்பாயினும் உண்மையே. இரண்டாம் ஆண்டில் ஒரு கை ஆய்வுச்சாலையிலும் ஒரு கை ஊரிலும் இருத்தல் வேண்டும். மூன்றாம் ஆண்டில், ஒரே பொருளை இரு துறை ஆசிரியரும் ஒரே அறையில், ஒருவர் கூற ஒருவர் மறுக்க, மாணவர் முன் ஆராய்தல் வேண்டும். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் இரண்டும் இணைந்த பட்டங்கள் வழங்கும் பல்கலைக்கழகங்கள் உள. நம் கல்லூரிகளிலும் முதன்மைப் பாடம், துணைப் பாடம் என்னும் அமைப்பு இருக்கின்றது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் பல துறைகளைக் கலந்து கற்றலை வற்புறுத்துகின்றது. வழி இல்லாமலில்லை, நடப்பாரே குறைவு.

‘பிழைப்பிற்கு இது உதவுமோ?’ என்பது இரண்டாம் தடை. பெற்றோர் கேட்கும் இக்கேள்வியை யாம் இகழோம். நோயாளர்க்கு உளச்சிகிச்சை செய்ய விரும்புவார்க்குப் பட்டத்தின் மேல் தனிப்பயிற்சியும் பதிவும் வேண்டும். இணைந்த பட்டத்தில் உளநூற் பகுதி அதற்குப் போதுமானதா என்று சேருமுன் கேட்டறிதல் அறிவுடைமை. ஆயின் பள்ளி ஆசிரியர், சமூகப்பணியாளர், செவிலியர், காவல்துறையினர், ஊராட்சி அலுவலர், தொழிற்சாலையில் ஆட்களை மேற்பார்க்கும் அதிகாரி ஆகிய எவரை எடுத்துக்கொண்டாலும், காலையிலிருந்து மாலை வரை அவர் முன் நிற்பது மனிதரே. அம்மனிதரைப் பாதி மட்டும் அறிந்தவர் செய்யும் பிழைக்கு விலை கொடுப்பவர் அவரல்லர், எதிரே நிற்பவர்.

நம் நாட்டுக் கல்லூரி மாணவர் ஊர்களுக்குச் சென்று ஆராய்தல் புதுமையன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதற் பொருளியற் பேராசிரியராய் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவரை ஊர்களுக்கு அனுப்பி ஆராயச் செய்து, 1918இல் தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான் முதலிய ஊர்கள் அதனால் அறிஞருலகில் பெயர் பெற்றன. நிலமும் கடனும் கூலியும் விளைச்சலும் அம்மாணவர் கணக்கில் ஏறின. அவர் வழியில் நாமும் செல்வோமாக. செல்லும்போது அவர் கேளாத ஒரு கேள்வியையும் உடன் கொண்டு செல்வோமாக. கடன் எவ்வளவு என்று கேட்டபின், அக்கடனை நினைந்து உறக்கம் வராத இரவுகள் எத்தனை என்றும் கேட்போமாக. பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் தனித்து வாழும் முதியோர், வேற்று மாநிலத்தினின்றும் வேலை தேடி வந்தோரின் பிள்ளைகள், நடுவே கல்லூரியை விட்டு நீங்கிய மாணவர் ஆகியோர் நம் வாயிலிலேயே காத்திருக்கும் ஆராய்ச்சிப் பொருள்கள். பொருள்கள் என்றது பிழை, அவர் மனிதர். அவர் இசைவின்றி வினவலாகாது. சொன்னதைப் பிறர்க்கு வெளியிடலாகாது. மரியெந்தாலுக்குச் சென்றவர்போல், நாமும் வெறுங்கையோடு செல்லலாகாது.

நூற்கல்வியால் மட்டும் அன்பு பிறந்துவிடும் என்று யாம் கூறவில்லை. இரண்டு நூலும் கற்றும் அடுத்த பலகையில் இருப்பவனை நோக்காதார் இருக்கலாம். இரண்டும் கல்லாமலே அவன் தோளில் கைவைத்து ‘ஏன் அண்ணே, இராத்திரி தூங்கலையா?’ என்று கேட்பாரும் இருக்கலாம். பின்னவரே மேலானவர். ஆயின் நல்லெண்ணமும் வழி தவறும். அறிவிப்புப் பலகையில் பெயர்களை ஒட்டியவரும் நல்லெண்ணமுடையவரே. கைக்கு அன்பும் கண்ணுக்கு அறிவும் வேண்டும். அறிவுக்கும் இரு கண் வேண்டும்.

மாணவ நண்பர்காள், நும் வகுப்பிலும் கடைசிப் பலகையில் ஒருவர் கண்ணயர்ந்து அமர்ந்திருக்கக் கூடும். அவருக்குப் பெயர் சூட்டுமுன், அவர் இரவைப் பற்றிக் கேளுங்கள். கேட்டபின், வாயிலில் தொங்கும் பலகையையும் ஒருமுறை சென்று பாருங்கள்.